பாடநூலில் மட்டும் வாழும் கடல் முள்ளெலி

போளூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்றால்தான் கடல். மேற்கே நிற்பது ஜவ்வாது மலை. இப்பகுதியிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்களில் கடலையே கண்டிராதவர் உண்டு. கடல்வாழ் உயிர் என்றால் அவர்களுக்குப் பாடநூலில் உள்ள பெயரும் படமுமே ஆகும். ஆகவே பாடநூல் எந்த உயிரைத் தேர்ந்தெடுத்துக் காட்டுகிறது என்பது, கடலோரத்து மாணவரைவிட மலையடிவாரத்து மாணவருக்கே மிக முக்கியமானது. நூல் தவறவிட்டதைக் கடலோரத்தார் கரையில் கண்டுகொள்வர். இவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இந்த நோக்கில், முட்தோலிகள் என்னும் தொகுதியை நம் பாடநூல்கள் கற்பிக்கும் முறையைச் சற்று ஆராய்வோம். அத்தொகுதியில் ஒரு வகுப்பாகிய கடல் முள்ளெலிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் அல்லவா?

பட்டியலில் ஓர் அயலார்

என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் பதினொன்றாம் வகுப்பு உயிரியல் நூலில் முட்தோலிகளுக்கு ஐந்து எடுத்துக்காட்டுகள் தரப்பட்டுள்ளன: அஸ்டீரியஸ், எகைனஸ், ஆண்டிடான், குக்குமேரியா, ஓபியூரா. தமிழ்நாட்டு அரசின் பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் நூலும் இதே ஐவரையே கூறுகிறது. இவற்றுள் எகைனஸ் என்பதுதான் கடல் முள்ளெலி.

எகைனஸ் பேரினத்தில் பெயர் பெற்ற இனம் எகைனஸ் எஸ்குலெண்டஸ். இதற்கு 1758இல் பெயரிட்டவர் லின்னேயஸ். இது வாழுமிடம் ஐரோப்பாவின் மேற்குக் கடற்கரை. நார்வே, ஐஸ்லாந்து முதல் போர்ச்சுகல் வரையிலான குளிர்ந்த அட்லாண்டிக் நீர். சென்னையிலோ தூத்துக்குடியிலோ எத்தனை வலை வீசினாலும் அது அகப்படாது. பிரிட்டிஷ் மாணவர்களுக்கு அது கைக்கெட்டும் விலங்கு. லிவர்பூல் கடல் உயிரியல் குழு, ஹெர்பர்ட் சாட்விக் என்பவரைக் கொண்டு 1900ஆம் ஆண்டில் எகைனஸ் பற்றி ஒரு தனிநூலே வெளியிட்டது. தம் கரையில் உள்ளதைத் தம் மாணவர்க்குக் கற்பித்தார்கள்; அதில் குறையொன்றுமில்லை. அவர்கள் கரையில் உள்ளதை நாமும் ஏன் கற்பிக்கிறோம் என்பதே நம் கேள்வி.

"ஏதோ ஒரு கடல் முள்ளெலி, எதுவானால் என்ன?" என்று சிலர் நினைக்கலாம். எதுவானால் என்ன என்பதை அறிய, முதலில் அந்த உயிரின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இருபது வரிசைத் தகடுகள்

கடற்கரையில் ஒதுங்கும் கடல் முள்ளெலியில் முட்கள் உதிர்ந்து, வெறும் ஓடு மட்டும் எஞ்சியிருக்கும். பார்ப்பதற்கு அடிப்பக்கம் தட்டையான ஒரு சிறு பந்து போலிருக்கும். கீழே பெரிய துளை. அது வாய் இருந்த இடம். மேலே சிறிய துளை; அது கழிவாய் இருந்த இடம். நத்தையின் ஓட்டைப் போன்றதே இதுவும் என்று எண்ணிவிடக் கூடாது. நத்தைக்கு ஓடு உடலின் வெளியே உள்ளது. கடல் முள்ளெலியின் ஓட்டையோ, உயிரோடிருக்கையில் மெல்லிய தோல் மூடியிருக்கும். ஆகவே இது நம் எலும்பைப் போல ஓர் அகச்சட்டகமே ஆகும்.

ஓட்டைக் கூர்ந்து நோக்கினால், அது பல சுண்ணாம்புத் தகடுகளால் ஆனது என்பது தெரியும். மேலிருந்து கீழாக 20 நெடுவரிசைகள். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் பத்துப் பட்டைகள். ஐந்து பட்டைகளில் இணை இணையாக நுண்துளைகள் இருக்கும். ஒவ்வோர் இணைத் துளையும் ஒரு குழாய்க்காலுக்கு உரியது. இவற்றைக் காற்பட்டைகள் எனலாம். இவற்றுக்கு இடையே உள்ள ஐந்தும் துளையற்றவை, இடைப்பட்டைகள். உச்சியில் கழிவாயைச் சுற்றிப் பத்துத் தகடுகள் வளையமாக அமைந்துள்ளன. ஐந்து பெரியவை, இனச்செல்கள் வெளியேறும் துளை உடையவை. அவற்றுள் ஒன்று சல்லடை போலிருக்கும். குழாய்க்கால்களை இயக்கும் நீர்க்குழாய் மண்டலத்தின் வாயில் அதுவே. ஏனைய ஐந்தும் சிறியவை. இவற்றைக் கண்தகடுகள் என்பர். ஆனால் அங்கே கண் எதுவும் இல்லை! புதிய தகடுகள் இவற்றின் ஓரத்தில்தான் தோன்றிக் கீழ்நோக்கி நகர்கின்றன. தோன்றிய தகடுகள் ஒவ்வொன்றும் தம் விளிம்புகளில் வளர்கின்றன. தகடும் தகடும் சேரும் கோடே வளர்ச்சி நடைபெறும் இடம் என்பதை நினைவிற் கொள்க.

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இவ்வோட்டில் பெருவியப்பு வேறொன்று. ஒரு தகட்டின் மெல்லிய சீவலை முனைவாக்க நுண்ணோக்கியில் வைத்துச் சுழற்றினால், அது முழுவதும் ஒரே நேரத்தில் ஒளிரும். ஒரே நேரத்தில் இருளும். அதாவது, கண்ணறைகள் நிறைந்த கடற்பஞ்சு போன்ற அந்தத் தகடு, ஒளியியல்படி ஒரே கால்சைட்டுப் படிகம் போல நடந்துகொள்கிறது. முள்ளும் அப்படியே.

வாயினுள் இருக்கும் கருவிக்கு அரிஸ்டாட்டில் விளக்கு என்று பெயர். ஐந்து பற்களும், அவற்றைத் தாங்கி இயக்கும் எலும்பு போன்ற பகுதிகளுமாக 40 துண்டுகள் சேர்ந்த இயந்திரம் அது. தேயத் தேயப் பல் மேலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும்.

இரண்டு ஓடுகள், இரண்டு குடும்பங்கள்

இதுவரை கூறியது எகைனஸுக்கும் பொருந்தும். நம் கடலில் வாழும் சால்மாசிஸுக்கும் பொருந்தும். இரண்டிலும் காற்பட்டைத் தகடு ஒவ்வொன்றிலும் மூன்று இணைத் துளைகள் உண்டு. இரண்டின் பற்களும் உட்புறம் ஒரு முகடு உடையவை. குறுக்கே வெட்டினால் ஆங்கில டி எழுத்துப் போல் தோன்றும். இரண்டிலும் விளக்கின் மேற்பகுதித் துண்டுகள் இணைந்து வளைவு போல் அமைந்துள்ளன. இந்த விளக்கமைப்பைக் கொண்டு ஜாக்சன் என்பவர் 1912இல் வகுத்த கேமரோடாண்டா என்ற பெரும்பிரிவில் இரண்டும் அடங்கும்.

பின் எங்கே வேறுபடுகின்றன? தகடுகள் சேரும் கோட்டில்! எகைனஸின் ஓட்டில் அந்தக் கோடுகள் வெறும் கோடுகளே. சால்மாசிஸின் ஓட்டிலோ, தகடுகளின் மூலைகளில் ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகள் காணப்படும். சால்மாசிஸின் உறவான டெம்னோபிளூரஸை எடுத்தால், குழிகள் ஆழமாகவும் அகலமாகவும், உளியால் செதுக்கியது போல் இருக்கும். டெம்னோபிளூரஸ் என்ற சொல்லுக்கு வெட்டுண்ட பக்கம் உடையது என்பது பொருள். நம் கரையில் கிடைக்கும் இனத்தின் பெயர் டெம்னோபிளூரஸ் டொரியூமாட்டிகஸ். இரண்டாம் சொல்லுக்குச் செதுக்குவேலை என்ற பொருள் அடிப்படை. பெயரே அடையாளத்தைச் சொல்லிவிடுகிறது. சால்மாசிஸும் டெம்னோபிளூரஸும் அடங்கிய குடும்பத்திற்கு டெம்னோபிளூரிடே என்று பெயர். இதை 1872இல் அமைத்தவர் அலெக்சாண்டர் அகாசிஸ்.

இரண்டாவது வேறுபாடு, முள் அமர்ந்திருந்த குமிழில் உள்ளது. முள்ளின் அடி கிண்ணம் போன்றது. அது ஓட்டிலுள்ள குமிழின்மேல் பந்துக்கிண்ண மூட்டாக அமர்ந்து எப்பக்கமும் சாயும். எகைனஸில் இந்தக் குமிழின் சுற்றுவிளிம்பு வழுவழுப்பானது. சால்மாசிஸில் அது பல்சக்கரம் போல் வெட்டுவெட்டாக இருக்கும். ஒரு சாதாரண கைலென்சு போதும், இதைக் காண்பதற்கு.

எங்கள் ஆய்வுக்கூட மேசையில் ஒருமுறை ஒரு சால்மாசிஸ் ஓட்டை வைத்தேன். விலங்கியல் வகுப்புக்காக அல்ல. முனைவாக்கம் பற்றிய பாடத்திற்காக. ஜவ்வாது மலையிலிருந்து வரும் மாணவி ஒருவர் குண்டூசி முனையால் வரிசைகளை எண்ணிக்கொண்டே வந்தார். "சார், பள்ளிப் புத்தகத்துப் படத்தில் இந்தக் குழியெல்லாம் இல்லையே" என்றார். கடலைப் பாராதவர் அவர். ஆயினும் ஒரு குடும்பத்தை மற்றொரு குடும்பத்திலிருந்து பிரிக்கும் அடையாளத்தைச் சில நிமிடங்களில் தாமே கண்டுவிட்டார். பொருளும் படமும் ஒரு சேர முன்னே இருந்ததால் அது கைகூடிற்று.

எதுவானால் என்ன என்ற கேள்விக்கு விடை இதுதான். எகைனஸ் என்ற சொல்லை மட்டும் படிக்கும் மாணவர் ஒரு பெயரைப் பெறுகிறார். ஓட்டைக் கையில் எடுப்பவர் நூலைச் சோதிக்கும் ஆற்றலைப் பெறுகிறார்.

1938ஆம் ஆண்டின் ஒரு நூல்

இக்குறையை முதலில் கண்டவர்கள் நாமல்லர். லக்னோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கே. என். பால், ஐரோப்பிய மண்புழுவை விட்டுவிட்டு நம் நாட்டு மண்புழுவாகிய பெரட்டிமாவைப் பற்றி 1926இல் ஒரு தனிநூல் வெளியிட்டார். அவரைப் பதிப்பாசிரியராகக் கொண்ட இந்திய விலங்கியல் தனிநூல் வரிசையில் 1928இல் இ. எம். தில்லையம்பலம் என்ற பெண்மணி இந்தியக் கடற்சுறாவைப் பற்றி எழுதினார். அதே வரிசையில் 1938இல் வெளிவந்ததுதான் சால்மாசிஸ் பற்றிய நூல். எழுதியவர் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்த ஆர். கோபால ஐயர். அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 1935இல், சால்மாசிஸ் பைகலர் என்னும் இனத்தின் தொடக்க வளர்ச்சியையும் உருமாற்றத்தையும் ஆராய்ந்து அவர் கட்டுரை வெளியிட்டிருந்தார்.

அந்த வரிசை நம் கல்லூரிகளில் பெரும் மாற்றம் செய்தது. மண்புழு, சுறா, இறால் என எல்லாவற்றிலும் நம் நாட்டு விலங்கே ஆய்வுக்கூட மேசைக்கு வந்தது. இன்று தமிழ்நாட்டின் பதினொன்றாம் வகுப்பு நூல் லாம்பிட்டோ மாரிட்டி என்ற நம் மண்ணின் புழுவைத்தான் விளக்குகிறது, பாராட்டத்தக்க செயல். மண்புழுவில் கண்ட தெளிவு, அதே நூலில் கடல் முள்ளெலியிடம் வரும்போது ஏன் மறைந்துவிடுகிறது? சால்மாசிஸ் நூல் வந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பட்டியலில் எகைனஸே தொடர்கிறது.

கோபால ஐயரின் நூல் வகையும் குறையற்றதன்று. அது ஆங்கிலத்தில் கல்லூரி மாணவர்களுக்கென எழுதப்பட்டது. தமிழ்வழியில் பயில்வோர்க்கு அது எட்டாது. இன்னொன்று, மாதிரி விலங்கு என்ற முறைக்கே உரிய குறை. ஹக்ஸ்லியும் மார்ட்டினும் 1875இல் எழுதிய செய்முறை நூல் பரப்பிய முறை இது: ஒரு கூட்டத்திற்கு ஒரு விலங்கு, அதைத் தலை முதல் கால் வரை அறுத்துப் படித்தல். உடலமைப்பைக் கற்க இது சிறந்த வழி. வகைப்பாட்டைக் கற்க இது போதாது. ஒரே ஓட்டைப் பார்ப்பவர்க்கு அதிலுள்ள குழி முக்கியமா அன்றா என்பது எப்படித் தெரியும்? குழியில்லாத இன்னோர் ஓட்டை அருகில் வைத்தால்தான் தெரியும். குடும்பம் என்பது ஒப்பீட்டிலிருந்து பிறக்கும் கருத்து. ஆகவே எகைனஸை நீக்கிச் சால்மாசிஸ் என்று எழுதிவிட்டால் மட்டும் நம் வேலை முடிந்துவிடாது.

எதிர்வாதங்கள் மூன்று

முதலாவது: எகைனஸ் என்ற பெயரிலிருந்துதான் வகுப்பின் பெயரும், தொகுதியின் பெயரும் வந்தன, ஆகவே அதைக் கற்பதே முறை என்பர். எகைனாஸ் என்ற கிரேக்கச் சொல் முள்ளெலியையும் குறித்தது. கடல் முள்ளெலியையும் குறித்தது. தமிழில் நாமும் அவ்வாறே பெயரிட்டுள்ளோம். சொல் வரலாற்றை ஒரு வரியில் சொல்லலாம். அதற்காக விலங்கையே இறக்குமதி செய்ய வேண்டுவதில்லை.

இரண்டாவது: பொதுத்தேர்வு, நுழைவுத்தேர்வு இவற்றில் எகைனஸ் என்றுதான் கேட்கிறார்கள் என்பர். உண்மையே. அதனால்தான் பெயரை அடியோடு நீக்கும்படி நாம் கேட்கவில்லை. எகைனஸ் இருக்கட்டும், பக்கத்தில் சால்மாசிஸ் வரட்டும். இரண்டையும் ஒப்பிட ஒரு படம் வரட்டும்.

மூன்றாவது: மலையடிவாரத்து மாணவர் சால்மாசிஸையும் காணப் போவதில்லையே, பிறகென்ன வேறுபாடு என்பர். இதற்கு இரண்டு விடைகள் உண்டு. உலர்ந்த ஓடு இலேசானது, கெடாதது, ஒரு பஞ்சுப் பெட்டியில் வைத்துப் பேருந்தில் கொண்டுவரலாம். எகைனஸுக்கு அவ்வழியில்லை. மேலும், நேரில் தொட முடியாததையும் முறையாக வகைப்படுத்தலாம் என்பதற்கு இதே ஜவ்வாது மலையில் சான்று உண்டு. காவலூர் வானாய்வகத்தில் 1986ஆம் ஆண்டு முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. விண்மீனை எவரும் தொட்டதில்லை. ஆயினும் அதன் நிறமாலையிலுள்ள கோடுகளைக் கொண்டு அதன் வகை இன்னதென்று சொல்கிறார்கள். அளந்து காட்டக்கூடிய அடையாளம் ஒன்று வேண்டும். அதுவே வகைப்பாட்டின் உயிர். நம் பட்டியலில் பெயர் உண்டு, அடையாளம்தான் இல்லை.

காலங்கடந்த பிரிவுகள்

கல்லூரி நூல்களுக்கும் ஒரு சொல். கடல் முள்ளெலிகளை ஒழுங்கு வடிவின, ஒழுங்கற்ற வடிவின என்று இரண்டாகப் பிரிப்பது இன்றும் பல நூல்களில் காணப்படுகிறது. பந்து போன்றவை முதற்பிரிவு. இதய வடிவமும் தட்டு வடிவமும் உடையவை இரண்டாம் பிரிவு. அரியலூரின் சுண்ணாம்புப் பாறைகளிலிருந்து ஸ்டொலிச்கா 1873இல் விவரித்த புதைபடிவங்களில் இவ்விரண்டாம் பிரிவினவும் உண்டு. பார்வைக்கு இப்பகுப்பு எளியது. ஆனால் ஒழுங்கற்றவை, ஜுராசிக் காலத் தொடக்கத்தில் ஒழுங்கு வடிவினவற்றின் ஒரு கிளையிலிருந்தே தோன்றின. ஆகவே ஒழுங்கற்றவை ஓர் உண்மையான குலம். ஒழுங்கு வடிவின என்பதோ, அக்குலத்தைக் கழித்தபின் எஞ்சியவற்றின் தொகை மட்டுமே. நூல்கள் இதைச் சொல்வதில்லை.

டெம்னோபிளூரிடே குடும்பத்தின் இடமும் அவ்வாறே மாறியுள்ளது. 1966ஆம் ஆண்டின் பெரும் தொகுப்பு நூலில் டாக்சோநியூஸ்டிடே என்ற மற்றொரு குடும்பமும் இதனுடன் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருந்தது. பின்னர் மரபணு ஆய்வுகளும், ஓட்டின் அமைப்பை மீண்டும் ஒப்பிட்ட ஆய்வுகளும், அக்குடும்பம் எகைனஸின் பக்கத்து உறவு என்று காட்டின. ஆண்ட்ரியாஸ் க்ரோ, ஆண்ட்ரூ ஸ்மித் இருவரும் 2010இல் வெளியிட்ட வகைப்பாட்டில் அது அவ்வாறே அமைந்தது. குழி என்ற ஒற்றை அடையாளத்தையே நம்பவும் முடியாது. டெம்னோபிளூரிடே குடும்பத்தார் எல்லாரிடமும் குழி ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. குழி, குமிழின் விளிம்பு, விளக்கு, மரபணு எனப் பல சான்றுகள் ஒன்றையொன்று தாங்கும்போதே முடிவு உறுதியாகிறது.

இம்மாற்றங்களையெல்லாம் பள்ளி மாணவர் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பதன்று நம் கருத்து. வகைப்பாடு என்பது கல்லில் வெட்டிய எழுத்தன்று. சான்று மாறினால் முடிவு மாறும் என்ற ஒன்றை மட்டும் அவர் அறிய வேண்டும். ஐந்து பெயர்ப் பட்டியல் அதை அவருக்குச் சொல்லித் தராது.

செய்யத்தக்கவை

நாம் கேட்பது மிகச் சிறிது. பாடநூலில் கூடுதலாக அரைப் பக்கம். அதில் இரண்டு ஓடுகளின் படங்கள்: ஒன்று எகைனஸ், மற்றொன்று சால்மாசிஸ். இரண்டிலும் முட்கள் நீங்கியிருக்க வேண்டும். முட்களோடு வரைந்த படம் அழகாயிருக்கும். ஆனால் தகடுகளை மறைத்துவிடும். சால்மாசிஸ் பைகலர் என்ற பெயருக்கு இரு நிறத்தது என்பது பொருள். அந்நிறங்கள் முட்களில் உள்ளவை. முள் உதிர்ந்தால் நிறமும் போயிற்று. தகடும் குழியும் குமிழும்தாம் நிற்கும். படத்தின் கீழே மூன்று வினாக்கள் போதும். வரிசைகள் எத்தனை? கோடுகளில் என்ன காண்கிறாய்? குமிழ்களின் விளிம்பு எப்படியிருக்கிறது?

பள்ளிதோறும் ஓர் ஓடு இருப்பின் இன்னும் நன்று. மீனவர் வலையிலிருந்து உதறித் தள்ளும் கழிவிலும், அலை ஒதுக்கும் குப்பையிலும் வெற்றோடுகள் கிடைக்கும். உயிருள்ளவற்றைப் பிடிக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே எதையும் எடுக்கக் கூடாது. கடலோரப் பள்ளிகள் சில ஓடுகளைச் சேர்த்து உள்நாட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பலாம். உள்நாட்டுப் பள்ளிகள் தம் பகுதிப் பாறைகளையும் விதைகளையும் பதிலுக்கு அனுப்பலாம். செலவு அஞ்சல் கட்டணம் மட்டுமே.

பாடநூல் எழுதுவோர் பலர் கடலோர நகரங்களிலும் இருக்கிறார்கள், பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் எழுதும் ஒரு வரி, கடலைக் காணாத ஆயிரம் வகுப்பறைகளில் கடலாகவே நின்றுவிடுகிறது. அந்த வரியில் நம் கரையில் இல்லாத விலங்கின் பெயர் ஒன்றே இருக்குமானால், அதை நம்புவதைத் தவிர மாணவருக்கு வேறு வழியில்லை. கையில் எடுத்து எண்ணிப் பார்க்கத்தக்க விலங்கு ஒன்று இருக்குமானால், நூல் சொல்வது சரியா என்று அவரே பார்த்துக்கொள்வார். அறிவியல் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.